கல்லெறிந்து இறக்கியவள்

அவள் அடித்தவர்களுக்கு மருந்து போட்டுத்தான் எனக்கு அவளைத் தெரியும்.

கம்பத்துக்குத் தெற்கே, மலையடியில் இருந்த அந்த ஊரின் சின்ன ஆஸ்பத்திரிக்கு நான் காம்பவுண்டராகப் போனபோது எனக்கு இருபத்தாறு வயது. சொந்த ஊர் தேவதானப்பட்டி. டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் நானும் டிஞ்சர் புட்டியும்தான். போன முதல் மாதத்திலேயே மூன்று பேர் வந்தார்கள். ஒருவனுக்குக் காது கிழிந்திருந்தது. ஒருத்திக்கு முதுகில் கம்பு பதிந்த தடம். மூன்றாவது ஆளுக்கு முன்பல் ஆடியது. யார் அடித்தது என்று கேட்டால் மூவரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்.

"மலைக்காரி."

சொன்ன விதத்தில் கோபமே இல்லை. வழுக்கி விழுந்துவிட்டேன் என்பது போலச் சொன்னார்கள்.

"போலீசுல சொல்லலையா?" என்று பல் ஆடியவனைக் கேட்டேன்.

"அதுல சொல்ல என்ன இருக்கு? சுமையோட ஏறுறப்ப வழியில ஒக்காந்துட்டேன். அடிச்சாக" என்றான்.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். மலைமேல் ஏலத் தோட்டங்களுக்கு அரிசி மூட்டையும் உப்பும் தலைச்சுமையாகக் கொண்டுபோகும் கூட்டத்துக்கு அவள் தலைவி. அதனால் ஊரில் மலைக்காரி. நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. கழுத்து மட்டும் மரத்தின் அடிபோலப் பருத்திருக்கும். கையில் எப்போதும் ஒரு மூங்கில் கம்பு. பேசுவதற்கு முன்னால் அது பேசிவிடும்.

ஒரு பங்குனி மத்தியானம் அவளே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். காயம் எதுவும் இல்லை. வாசலில் நின்று என் சட்டைப்பையைப் பார்த்தாள்.

"ஐயா, அந்தக் கடியாரம் ஓடுதா?"

"ஓடுது."

"பொய் சொல்லாம ஓடுதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. கம்பைச் சுவரில் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள்.

அந்தக் காலத்தில் ரேகைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. அவள் தெருவில் பிறந்த ஆண்கள் எல்லாருடைய பெயரும் ஸ்டேஷன் புத்தகத்தில் இருந்தது. திருடியவனா, திருடாதவனா என்ற பேச்சே கிடையாது. அந்தச் சாதியில் பிறந்தது போதும். பொழுது சாயுமுன் ஸ்டேஷனுக்குப் போய்க் கைரேகை வைக்க வேண்டும். இரவு அங்கேயே வரிசையாகப் படுக்க வேண்டும். விடிந்தால் விடுவார்கள். ஒருநாள் தவறினால் ஆறு மாதம் ஜெயில்.

மலை உச்சியில் ஓர் அம்மன் கோயில் உண்டு. இடிந்த கற்கோயில். வருஷத்தில் ஒரே நாள், சித்திரைப் பௌர்ணமிக்கு மட்டும் பூசை. ஊர் ஜனங்கள் மத்தியானம் ஏறி, நிலா வெளிச்சத்தில் மேலேயே தங்கி, மறுநாள் இறங்குவார்கள். அவள் தெரு ஆண்களுக்கு அது நடக்காது. அவர்களில் பலர் அம்மனைப் பார்த்ததே இல்லை. அவள் புருஷன் ஒச்சும் பார்த்ததில்லை.

"ஏட்டு காலையில ஆறு மணிக்கு விடுறாரு. சாயங்காலம் ஆறரைக்கு உள்ள இருக்கணும்ங்கிறாரு. எனக்குப் பொழுது தெரியும், மணி தெரியாது. ஏறி, சாமி கும்பிட்டு, எறங்கிரலாமான்னு பாக்கணும். நீங்க கடியாரத்தோட ஒருநா என்கூட வரணும்."

"நான் மலை ஏறியதே இல்லையேம்மா."

"அதுக்குத்தான் ஒங்களக் கூப்புடுறேன். எங்க ஆம்பளைகளும் ஏறுனதில்ல; சுமைக்கு வாற ஆம்பளைக வேற தெரு. ஒங்களவிட மோசமா நடக்கிறவுக எங்க தெருவுல கெடையாது. நீங்க எம்புட்டு நேரத்துல ஏறுறீகளோ, அதுதான் எல்லாருக்கும் கணக்கு."

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் இருந்தே புறப்பட்டோம். அங்கிருந்து எண்ணினால்தான் சரி என்றாள். நான் செருப்புப் போட்டிருந்தேன். ஓடைக்கரையில் அதைக் கழற்றச் சொல்லாமல், என் கணுக்காலில் ஓர் அடி போட்டாள். கழற்றினேன். நாவல் மரத்தடியில் கொஞ்சம் நிற்கலாம் என்றாள். நிற்கலாமே தவிர உட்காரக் கூடாது. நான் செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கப் போனேன். கம்பு வந்து செம்பைத் தட்டிவிட்டது. பல்லில் பட்டு ரத்தம் வந்தது.

"மூணு வாய். போதும். வயிறு ரொம்புனா கால் எந்திரிக்காது."

அதற்கு மேலே பாறை. பிடித்து ஏறுவதற்காகக் கையை உயர்த்தினேன். மணிக்கட்டில் இடி விழுந்ததுபோல் இருந்தது. கோபத்தில் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் கைவைக்கப் போன பொந்தில் ஒரு சுருட்டை விரியன் சுருண்டு சரசரத்துக்கொண்டிருந்தது. கம்பால் அதை வெளியே இழுத்தாள். ஒரு கல்லை எடுத்து அதன் தலையில் போட்டாள். தலை நசுங்கியது. மறுபடியும் போட்டாள். பாறையில் வெறும் ஈரம் மட்டும் மிஞ்சும்வரை போட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"சொல்லியிருக்கலாமே" என்றேன், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு.

"சொல்லி முடிக்கிற வரைக்கும் அது ஒங்க கைக்குக் காத்திருக்குமா?"

ஏறுவதற்கு நாலரை மணி நேரம் ஆனது. இறங்க மூன்று. மேலே அரை மணி போனாலும், ரெண்டு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நின்றோம். நாலரை மணி நேரம் மிச்சம் என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் முகம் தெளியவில்லை.

"மலையில மிச்சம்னு ஒண்ணு கெடையாதுய்யா" என்றாள்.

அவள் ஏன் இப்படி அடிக்கிறாள் என்பதை ஒச்சுதான் ஒருநாள் சொன்னார். அவர் அதிகம் பேசாத மனிதர். விரலில் நகச்சுற்று வந்து கட்டுப்போட வந்திருந்தார். கல்யாணமான புதிதில் அவள் யாரையும் கை நீட்டியதில்லையாம். ஓர் ஐப்பசி மழையில் சுமைக்கூட்டம் இறங்கும்போது, காய்ச்சல் கண்ட ஒரு பெண் பாறையோரம் உட்கார்ந்துவிட்டாள். "கொஞ்ச நேரம் இருந்துட்டு வாரேன், நீங்க போங்க" என்றாள். பாவம் என்று இவளும் விட்டுவிட்டு இறங்கினாள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது அந்தப் பெண் உட்கார்ந்தபடியே விறைத்திருந்தாள். கன்னத்தை எதுவோ தின்றிருந்தது.

"அன்னிக்கு ஒரு அறை விட்டிருந்தா எந்திரிச்சிருப்பான்னு இன்னும் சொல்லுவா" என்றார் ஒச்சு. "அதுலருந்து யாரு ஒக்காந்தாலும் அவளுக்குப் பொறுக்காது."

ஆனால் எல்லா அடியும் அந்தக் கணக்கில் சேராது. தோட்டத்துக் கங்காணி ஒருவன் அவள் கூட்டத்தில் இருந்த ஒரு பெண்ணைக் காய் உலர்த்தும் அறைக்குள் இழுத்தானாம். இவள் உள்ளே போய் அரிவாளைத் திருப்பிப் பிடித்து, மொட்டைப் பக்கத்தால் அவன் வாயில் போட்டாள். அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தான். மூன்று பல் இல்லை. உதடு இரண்டாகக் கிழிந்திருந்தது. படியில் விழுந்ததாகச் சொன்னான். நான் தைத்துவிட்டேன். ஏழு தையல். மரத்துப்போகும் மருந்து அலமாரியில் இருந்தது. அதை எடுக்கவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அவளோடு பழகினால் கை அப்படித்தான் ஆகிவிடும்.

பௌர்ணமிக்கு முன்னால் தன் தெருவில் அவள் போட்ட சட்டங்கள் ரேகைச் சட்டத்தைவிடக் கடுமையாக இருந்தன. மேலே பொங்கல் வைக்கக் கூடாது, அடுப்புக்கு நேரமாகும். புளிச்சோறு மட்டும் கட்டிக்கொள்ள வேண்டும். குழந்தைகள் வேண்டாம். குடித்தவனுக்கு இடமில்லை. புறப்படும்போது ஒவ்வொரு மூட்டையையும் கையால் தூக்கிப் பார்த்தாள். கனமாக இருந்ததைப் பிரித்து வீசினாள். அவள் தம்பி சின்னக்காளை அம்மனுக்கென்று ஒரு வெண்கலப் பானையைக் கொண்டுவந்திருந்தான். அது ஓடைக்குள் உருண்டு போனது.

"சாமிக்குக்கா!"

"சாமி மேலதான இருக்கு. அதுக்குப் பானை எதுக்கு? நட."

பன்னிரண்டு ஆண்கள், நாலு பெண்கள், நான். ஓட்டம்போலத்தான் ஏறினோம். மூச்சிரைத்து நின்றவனுக்கு முதுகில் விழுந்தது. அவனுக்குப் பின்னால் வந்தவன் அடி விழாமலே வேகமாக நடந்தான். பத்தே கால் மணிக்கு மேலே போய்விட்டோம். பூசாரி இன்னும் விளக்கே ஏற்றியிருக்கவில்லை. சரிந்த கற்களுக்கு நடுவே, எண்ணெய் காணாத கறுத்த அம்மன். ஆண்கள் வரிசையாக நின்றார்கள். ஸ்டேஷனில் நின்று நின்று அவர்களுக்கு வரிசை பழகிப்போயிருந்தது. ஒச்சு கைகளைத் தலைக்கு மேலே குவித்தபடி நின்றார். இறக்க மறந்துவிட்டார். அவருடைய கட்டைவிரல் இரண்டும் மசி ஏறி நீலமாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

பாறை விளிம்பில் நின்று சின்னக்காளை பள்ளத்தாக்கைப் பார்த்தான். வயல்கள், ஆறு, தென்னை, எல்லாம் கையகலத்துக்குள் கிடந்தன.

"அந்தா ஓட்டுக் கூரையா ஒண்ணு தெரியுதே, அதா டேசனு?"

"அதேதான்" என்றேன்.

"அம்புட்டுத்தானா!" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். மற்றவர்களும் வந்து பார்த்துச் சிரித்தார்கள். அவள் கம்பைத் தரையில் தட்டினாள்.

"பாத்தது போதும். எறங்குங்க."

இறங்கும் வழியில், நாவல் மரத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கையில், சரளைக்கல் சரிவு ஒன்று உண்டு. ஆண்களில் பதினொரு பேர் தாண்டிவிட்டார்கள். ஒச்சின் கால் வழுக்கியது. இருபதடி சரிந்து ஒரு பாறையில் போய் இடித்தார். நான் கிட்டே போனபோது வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக வெளியே நின்றது. அப்போது மணி பன்னிரண்டரை.

நாலு தலைப்பாகையைக் கிழித்து, வழியோர மூங்கிலை ஒடித்துச் சிம்பு வைத்துக் கட்டினேன். அவர் போட்ட சத்தத்தில் குரங்குகள் மரம் தாவின. அது முடிந்தபோது மணி ஒன்றரை. ஆண்கள் எல்லாரும் திரும்பி ஏறி வந்து சுற்றி நின்றார்கள். தொட்டில்போல் கட்டித் தூக்கலாம் என்றான் ஒருவன். அவள் கீழே ஒரு தடவை பார்த்தாள். வழி ஓர் ஆள் நடக்கும் அகலம்தான்.

"தொட்டில் கட்டுனாலும், மாத்தி மாத்திச் சொமந்தாலும் ஆறரைக்குள்ள போக முடியாது" என்றாள். "நீங்க எல்லாரும் போங்க. நான் கொண்டாறேன்."

"மச்சானை விட்டுட்டா?" என்றான் சின்னக்காளை. "வாறது வரட்டும்க்கா. உள்ள போனா எல்லாரும் சேந்தே போறோம்."

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஒருவன் உட்காரவும் செய்தான்.

அவள் கம்பைக் கீழே போட்டாள். குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். உட்கார்ந்தவனின் தோளைக் குறிபார்த்து வீசினாள். அவன் அலறி எழுந்தான். அடுத்த கல் இன்னொருவன் இடுப்பில் பட்டது.

"போங்கடா! பன்னெண்டு வீட்டுல ஆம்பள இல்லாம ஆறு மாசம் யாரு ஏர் பூட்டுறது? போங்க!"

சும்மா பயமுறுத்துவதற்காக எறியவில்லை. அடிக்க வேண்டும் என்றே எறிந்தாள். கற்கள் பாறையில் பட்டுத் தெறித்தன. ஆட்கள் கையால் தலையை மூடிக்கொண்டு பின்வாங்கினார்கள். பெண்கள் அழுதார்கள். சின்னக்காளை மட்டும் நகரவில்லை. அக்காவைப் பார்த்தபடி நின்றான்.

"ஏலே, போயிரு."

"மாட்டேன்க்கா."

அவள் வளர்த்த தம்பி அவன். ஆத்தா இல்லாத பிள்ளை. அவள் எறிந்த கல் அவன் நெற்றியில் பட்டது. ரத்தம் ஒரு கண்ணை மூடிவிட்டது. அவன் தள்ளாடி, கையால் முகத்தைத் தடவிப் பார்த்தான். அவள் இன்னொரு கல்லை எடுத்தாள். அவன் அழுதுகொண்டே திரும்பி இறங்கினான். கடைசி ஆள் திருப்பத்தில் மறையும்வரை அவள் எறிந்துகொண்டேயிருந்தாள். அதன் பிறகு அவள் கையைப் பார்த்தேன். இரண்டு நகங்கள் பிய்ந்திருந்தன.

"நீங்களும் போங்கய்யா."

"நான் ரேகை வைக்கிறவன் இல்லை" என்றேன்.

அவள் தலையசைத்தாள். சேலையின் முந்தியால் ஒச்சைத் தன் முதுகோடு கட்டினாள். நான் பின்னால் நடந்து ஒடிந்த காலைத் தாங்கிக்கொண்டேன். அந்த மாதிரி ஓர் இறக்கத்தை நான் மறுபடியும் கண்டதில்லை. நூறு அடிக்கு ஒருமுறை நின்றோம். அவர் மயங்கினால் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கன்னத்தில் அறைந்தாள். "முழிச்சிரு. முழிச்சிரு" என்றாள். இரண்டு முறை முழங்கால் மடங்கி விழுந்தாள். முழங்கால் தோல் உரிந்து தொங்கியது. நான் கொஞ்ச தூரம் சுமந்தேன். தாங்க முடியாமல் உட்காரப் போனேன். என் கெண்டைக்காலில் எட்டி உதைத்தாள். எழுந்தேன்.

ஸ்டேஷன் வாசலில் லாந்தர் எரிந்தது. மணி ஏழே கால்.

உள்ளே பதினொரு பேரும் ரேகை வைத்துவிட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சின்னக்காளையின் நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. ஏட்டு என்னைப் பார்த்து மணி என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து வந்தார். தரையில் கிடத்தியிருந்த ஒச்சின் கட்டுப்போட்ட காலில் லத்தியால் ஓர் அடி போட்டார். மூங்கில் சிம்பு முறிந்த சத்தம் கேட்டது. ஒச்சிடமிருந்து சத்தமே வரவில்லை. வாய் மட்டும் திறந்தது.

அவள் பாய்வாள் என்று நினைத்தேன். ஏட்டின் கழுத்து அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் புருஷன் மேல் குப்புற விழுந்து அவரை மூடிக்கொண்டாள். அடி அவள் முதுகில் விழுந்தது. அடுத்தது விலாவில். பதினொரு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் துப்பாக்கியைத் திருப்பினான்.

"ஒக்காருங்கடா!" என்று தரையிலிருந்து கத்தினாள். "ஒருத்தனும் எந்திரிக்கக் கூடாது! ஒக்காருங்க!"

உட்கார்ந்தார்கள். அடி விழுந்துகொண்டேயிருந்தது. நான் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன். சுவரோரம் நின்றேன். எண்ணிக்கொண்டு நின்றேன். ஏழாவது அடியில் அவள் விரல்கள் நொறுங்கியதைக் கேட்டேன். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"ஏட்டையா, போதும். எலும்பு வெளியே நிக்குது. இவர் செத்தா நான் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுப்பேன்."

அவர் கை நின்றது. லத்தியைச் சுவரில் சாத்தினார்.

கோர்ட்டில் நான் சாட்சி சொன்னேன். காலொடிந்த மனிதன் வேண்டுமென்று தாமதிக்கவில்லை என்றேன். ஆறு மாதம் ஒரு மாதமாகக் குறைந்தது. ஒச்சு அதை ஜெயில் ஆஸ்பத்திரியில் படுத்தே கழித்தார். ஒரு கால் குட்டையானது. அந்த மாதக் கடைசியில் என்னைக் கடமலைக்குண்டுக்கு மாற்றினார்கள். பஸ் ஏறும் இடத்துக்கு அவள் வந்தாள். விலாவில் துணி சுற்றியிருந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் கோணி நின்றன.

"ஏழு அடிக்குப் பொறவு பேசுனீக" என்றாள். "இனிமே எங்கயாச்சும் பாத்தீகன்னா மூணுலயே பேசிருங்க."

அவள் ஒரு புளிச்சோற்றுப் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த சித்திரையிலும் அவள் மலைக்கு ஆள் கூட்டிப் போனாள் என்று கேள்விப்பட்டேன். அதற்கடுத்த சித்திரையிலும் போனாளாம். ஒருவன்கூட ஆறரையைத் தாண்டவில்லை. காது கிழிந்தவர்கள் மட்டும் வருஷத்துக்கு ஒருவராவது இருந்தார்கள்.

பிறகு அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். அதற்கு மறுசித்திரையில் லீவு போட்டுவிட்டுப் போனேன். இந்தத் தடவை எல்லாரும் மத்தியானம்தான் புறப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், பொங்கல் பானைகள் எல்லாம் வந்தன. ஒச்சை ஒரு கட்டிலில் வைத்து நாலு பேர் தூக்கினார்கள். அவள் கடைசியில் நடந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. யாரையும் அடிக்கவில்லை. யாரும் உட்காரவுமில்லை.

மறுநாள் காலை நான் கண் விழித்தபோது வெயில் பாறையில் ஏறியிருந்தது. எல்லாரும் மூட்டை கட்டி, முகம் கழுவி, குழந்தைகளை அதட்டி வாயை மூடவைத்து, ஓர் இடத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவள் வெறும் பாறையில் மல்லாந்து, வாயைத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மணி எட்டாச்சு" என்றேன் மெதுவாக.

நெற்றித் தழும்போடு உட்கார்ந்திருந்த சின்னக்காளை என் கையைப் பிடித்து அழுத்தினான்.

"யாரு எழுப்புறது? நீங்க எழுப்புங்க பாப்போம்" என்றான் கிசுகிசுப்பாக.

ஒச்சு கட்டிலில் இருந்தபடியே கையசைத்தார்.

"தூங்கட்டும். நமக்கு இப்ப எங்க போகணும்?"

வெயில் அவள் முகத்துக்கு வந்தது. கோணல் விரல்களால் முந்தியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.